உங்கள் "ஏலாது"வுக்கு ஆடுகிறார்கள், அப்பா

எதைக் கேட்டாலும் முதலில் "ஏலாது" என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற என் அன்பு அப்பாவுக்கு,

சுகம் கேட்டு எழுதும் வழக்கத்தை விட்டுவிடுகிறேன். நீங்கள் இருக்கிற இடத்தில் சுகத்துக்கு என்ன குறை? இங்கே உங்கள் திவசம் வருகிறது. வழக்கம்போல உங்கள் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தரும்படி பத்திரிகைக்காரர் கேட்டார். இந்த முறை நாலு வரி போதாது, ஒரு பக்கம் வேண்டும் என்று சொன்னேன். உங்களில் மரியாதை வைத்திருந்த மனிதர், கேள்வி கேட்காமல் தந்துவிட்டார்.

முதலில் புதினம். உங்கள் மகன் நிரோசன் லைப்சிக்கில் இரவிரவாக ஆடுகிற புதிய ஆட்டக்கூடம் ஒன்றைத் திறந்துவிட்டான். பீலெஃபெல்டிலும் கேள்னிலும் ஏற்கெனவே இருக்கிறது. இது மூன்றாவது. பழைய நூல் ஆலை ஒன்றைப் பிடித்துச் சுவரெல்லாம் கறுப்பு அடித்து, வாசலில் ஆளுயரத்துக்குச் சிவப்பு வெளிச்சத்தில் உங்கள் சொல்லை நிறுத்தியிருக்கிறான். ஜெர்மன் எழுத்தில் "ஏலாது". இந்த ஊர்க்காரரின் வாயில் அது "எலாட்டு" ஆகிவிடும்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெட்டைகள் சனிக்கிழமை வந்தால் எலாட்டுக்குப் போகிறோம் என்று துள்ளுவார்கள். அந்தச் சொல் பதித்த மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார்கள். அது உங்கள் நாட்டுத் தெய்வத்தின் பெயரா என்று ஒருத்தி கேட்டாள். ஓம், கொஞ்சம் கோபக்காரத் தெய்வம் என்றேன். அவள் அதை நம்பி மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டாள்.

அந்தத் தெய்வத்தின் அருள் எனக்குத்தான் அதிகம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு என்றேன், ஏலாது. வகுப்பில் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள் என்றேன், ஏலாது. ஹனோவரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் பழகும் அவுஸ்பில்டுங் கிடைத்தபோது, "ஏலாது. பீலெஃபெல்டிலை வயசு போன ஆக்கள் இல்லையோ, அவையைப் பார்" என்றீர்கள். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிரோசனுக்கும் அதே சொல்தான். ஆனால் அவன் "சரி அப்பா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். நீங்கள் கதவைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் சாப்பிட்டவனோ?" என்று கேட்பீர்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆட்டக்கூடத்துக்குப் பெயர் வந்த கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நம் ஆட்களின் சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாம் நடக்கும் மண்டபத்தில் அவன் ஒலிபெருக்கி வேலை செய்து திரிந்தான் அல்லவா? மாமிமார் மிஞ்சிய சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போன பிறகு, அவனும் அவனுடைய கூட்டாளி யானும் தங்கள் டெக்னோ இசையைப் போடுவார்கள். இளசுகள் மட்டும் நின்று ஆடுவார்கள். யாரோ உங்களிடம் மூட்டிவிட்டார்கள். நீங்கள் மண்டபத்துக்கே போய், அத்தனை பேருக்கும் முன்னால், "ஏலாது, ஏலாது, ஏலாது" என்று கத்தி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வந்தீர்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு அவன் அடித்த துண்டுப் பிரசுரத்தில் அந்தச் சொல்தான் தலைப்பு. எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் ஓர் "ஏலாது" இருந்தது. அதற்குள்ளேயே போய் ஆடலாம் என்றால் யார் வரமாட்டார்கள்? டோர்ட்முண்டிலிருந்தும் எஸ்ஸனிலிருந்தும் ரயில் பிடித்து வந்தார்கள். அவர்களோடு படித்த ஜெர்மன் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். மண்டபம் போதாமல், நகரத்துக்கு வெளியே பழைய கம்பளக் கிடங்கு ஒன்றை எடுத்தார்கள்.

அந்தக் கிடங்கு திறக்கிற நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பின்னேரம் நிரோசன் உங்களுக்குப் போன் எடுத்தான். நான் அங்கே இல்லை, வேலையில் நின்றேன். யான் ஒவ்வொரு பேட்டியிலும் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். நிரோசன் போனை ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்திருக்கிறான், சுற்றிவர எல்லோரும் நிற்கிறார்கள்.

"அப்பா, இண்டைக்குத் திறக்கிறம். வாங்கோவன்."

"ஏலாது."

"ஏனப்பா, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோவன்."

"ஏலாது மகன். ஏலாது."

கூடி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். தமிழ் தெரிந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்களாம். யான் அதைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, சுற்றிச் சுற்றி வரவிட்டு அன்றைக்கே போட்டான். ஒரு மூச்சு, பிறகு "ஏலாது", பிறகு தாளத்தின் அடி விழும். கிடங்கு முழுக்கத் திருப்பிக் கத்தியதாம். அந்த மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது, அப்படி ஒரு மூச்சை எந்தப் பாடகனாலும் விட முடியாது என்று யான் புகழ்வான். "மகன்" என்று நீங்கள் சொன்னதை மட்டும் எடுத்துவிட்டான். தாளத்துக்குப் பொருந்தவில்லையாம்.

நம் ஆட்கள் இல்லாதவர்களும் இதை வாசிக்கலாம், அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேச்சில் விடமாட்டேன் என்பதற்கும் "ஏலாது"தான், உடம்புக்கு முடியவில்லை என்பதற்கும் "ஏலாது"தான். எந்த "ஏலாது" என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க முதலாவதையே சொல்லிப் பழக்கிவிட்டு, ஒரே ஒரு நாள் இரண்டாவதைச் சொன்னால் எவனுக்கு விளங்கும் அப்பா? மூச்சு வாங்குகிறது என்பதற்காக உங்களுக்கு டாக்டரைப் பார்க்க நான் நாள் குறித்து எடுத்துவைத்த டெர்மினுக்கும் நீங்கள் முதலாவதைத்தான் சொன்னீர்கள்.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது நீங்கள் வீட்டு வாசல் நடையில் கதிரையில் சரிந்து கிடந்தீர்கள். உதடு நீலம். அம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி, பிறகு ஒரு கிழமைகூட நீங்கள் தங்கவில்லை. அம்மா போன பிறகு உங்களைப் பார்த்துக்கொண்டது நான் என்பதால், டாக்டர்மார் என்னோடுதான் கதைத்தார்கள். பின்னேரமே இதயம் தளர்ந்து நுரையீரலில் தண்ணீர் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். நிரோசன் கையில் ஆட்டக்கூடத்து முத்திரை மையோடு வந்து நின்று, சும்மா இருந்த மனிதர் திடீரென்று போய்விட்டாரே என்று அழுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செத்த வீடு முடிந்ததும் உங்கள் குரலை இன்னும் பெரிதாகப் போட்டான். அது அப்பாவுக்கு மரியாதை என்றான். அந்த ஒரு மூச்சில்தான் எலாட்டு வளர்ந்தது. கோடைகாலத் திறந்தவெளி ஆட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள், கேள்னில் கிளை வந்தது, தொப்பி வந்தது, பியர்ப் போத்தலில்கூட வந்தது. நீங்கள் குடியைத் தொட்டதில்லை என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்கிறீர்களா? நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். லைப்சிக் திறப்பதற்கு முன் ஒரு பகலில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வேலைக்காரர்கள் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மூலையிலிருந்தும் உங்கள் மூச்சு வந்தது. நான் நாள் முழுக்க வேலையில் கேட்கிற மூச்சு அது, படுக்கையில் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லும் மூச்சு. இவன் கையைக் கட்டிக்கொண்டு கோவில் தர்மகர்த்தா மாதிரி நிற்கிறான்.

"எப்பிடி அக்கா? அப்பா பக்கத்திலை நிக்கிற மாதிரி இல்லையோ?"

"ஓம். சாகிற அப்பா பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கு."

"என்ன கதைக்கிறாய்?"

"அவர் வரமாட்டன் எண்டு சொல்லேல்லையடா. வருத்தம், உடம்புக்கு ஏலாது எண்டு சொன்னவர். உனக்குச் சொன்னவர். நீங்கள் எல்லாரும் நிண்டு சிரிச்சனீங்கள்."

அவன் வயர்ப் பெட்டிக்கு மேலே அப்படியே குந்திவிட்டான். "நிப்பாட்டுங்கோ" என்று தமிழில் கத்தினான், வேலைக்காரர்களுக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தரம் நீங்கள் மூச்சு வாங்கிய பிறகுதான் யாரோ நிறுத்தினார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அப்பா. கைக்குட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு ரயிலேறி வந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இனி எல்லாம் முடிந்தது, அந்தப் பாட்டு நிற்கும் என்று நினைத்தேன். உங்கள் மகனை நான் இன்னும் படிக்கவில்லை. திறப்புக்கு முன் வந்த பேட்டியில் அதை அப்படியே சொல்லியிருந்தான். அப்பா எனக்குச் சொன்ன கடைசிச் சொல், நான் அதை விளங்கிக்கொள்ளவில்லை, இந்தக் கூடம் என்னுடைய மன்னிப்பு என்று. திறப்பு நாளில் விளக்கெல்லாம் அணைத்து, வெட்டாத பதிவை முதலிலிருந்து போட்டார்களாம். "மகன்" திரும்ப வந்துவிட்டது. வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்களாம். பிறகு அடி விழுந்தது, ஆடினார்களாம்.

அவன் நடிக்கிறான் என்று சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும். நடிக்கவில்லை. உண்மையாகவே அழுகிறான், கண்ணைத் துடைத்துவிட்டு அதையே விற்கிறான். இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். நான் குத்துவதற்கென்று இத்தனை வருடம் தீட்டி வைத்திருந்ததை வாங்கி விளம்பரப் பலகையில் மாட்டிவிட்டான்.

நல்லவேளை, நான் அவனுக்குப் பாதிதான் சொன்னேன்.

மற்றப் பாதி உங்களுக்கும் எனக்கும் தெரியும். அன்றைக்கு நீங்கள் கதிரையில் கிடந்தபோது கல்யாண வீட்டுக்குப் போடுகிற நீலச் சேர்ட்டைப் போட்டிருந்தீர்கள். சமையலறையில் அயன் இன்னும் சூடாக இருந்தது. நீங்களே அயன் பண்ணியிருக்கிறீர்கள், சேர்ட் கையில் இரட்டை மடிப்பு. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தீர்கள். கால் வீங்கிப்போய்ச் சப்பாத்துக்குள் ஏறவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவனுக்கு "ஏலாது மகன்" என்றீர்கள்.

அம்புலன்சில் ஒட்சிசன் முகமூடியைத் தூக்கிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "பிள்ளை, அவனிட்டைச் சொல்லு, நான் வரத்தான் வெளிக்கிட்டனான் எண்டு." நான் தலையாட்டினேன். பிறகு ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்கவில்லை.

நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று இப்போது தெரிகிறது. அந்தச் சேர்ட் லைப்சிக் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும், கீழே வெளிச்சம் போட்டிருப்பான். ஊர் கேட்டால் அதுதான் காரணம் என்பேன். உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், அது அரைக் காரணம். முதியோரைப் பார்க்கிற என் அவுஸ்பில்டுங் முடிந்து சான்றிதழ் தந்த நாளில் மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் முன்வரிசையில் இருந்தார்கள். உங்களைக் கூப்பிட்டபோது, "ஏலாது, அங்கை எனக்கு என்ன வேலை?" என்றீர்கள். உங்களுக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை, வீட்டில் இருந்து செய்தி பார்த்தீர்கள். குடித்து ஆடுகிற இடத்துக்குப் போக அயன் பெட்டியைத் தூக்கியவர், என் சான்றிதழுக்கு ஏன் ஒரு சேர்ட் மாற்றவில்லை? எனக்குப் பொறாமை. செத்த மனிதனின் சேர்ட்டில் பொறாமை.

சேர்ட்டை உங்கள் முதல் திவசத்துக்கு முன்பே சந்தியில் இருக்கும் பழைய துணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

போன கிழமை அவன் போன் எடுத்தான். பின்னால் சத்தமே இல்லை, எங்கேயோ தனியாக நின்று கதைத்தான்.

"அக்கா, என்னோடை கதைச்ச பிறகு அப்பா வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"என்னைப் பற்றி ஒண்டும்?"

"இல்லையடா."

"அப்ப என்னிலை கோவத்தோடைதானோ போனவர்?"

"அப்பாவைத் தெரியும்தானே," என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நான் சமைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினால் அவன் வாசித்துவிட மாட்டானா என்று வாசிக்கிறவர்கள் பதறலாம். பதற வேண்டாம். என்னைச் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனீர்கள். அவன் மாட்டேன் என்று காலை உதைத்ததும், பாவம் பொடியன் என்று பந்தடிக்க விட்டீர்கள். அவனுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவனிடம் ஆட வருகிற பிள்ளைகளும் அப்படித்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போவதில்லை.

இந்தப் பக்கத்தை நானே அவனுக்கு அனுப்பிவைப்பேன். உங்கள் படத்தைக் கண்டு கலங்குவான், தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது என்பான், சட்டம் போட்டு மூன்று கூடங்களிலும் மாட்டுவான். என்ன எழுதியிருக்கிறாய் அக்கா என்று கேட்டால், நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்வேன். நீங்கள் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டதை அவன் தினமும் கடந்து போவான். ஒருநாளும் அதை அவனுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் சொல்லைத் தட்டாமல் வளர்ந்த மூத்த மகள்,
நிரோசனுக்கு இருக்கிற ஒரே அக்கா