திட்டு இருக்கிற ஃபைல்

அடியே,

இன்று காலை ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டும்போது என் போன் உறுமியது. பக்கத்தில் இருக்கும் யாரோ ஒரு படம் அனுப்புகிறார்கள், வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டது. எதிர் சீட்டில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி தோழிக்கு அனுப்ப வேண்டியதை என் பெயரைத் தொட்டு அனுப்பியிருக்கிறாள். "சாரிக்கா, மாறிப்போச்சு" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுதுவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்தே போய்விட்டது.

அவள்மேல் என்ன தப்பு? பக்கத்துப் போன்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றால் என் கண் உன் பெயரைத்தான் தேடும். 'லேடி எஸ்.ஐ.' என்று உன் போனுக்கு வைத்திருந்தாயே, அதை. அடுத்த பெட்டியிலிருந்து எவனோ ஒருவன் தினமும் ரோஜாப்பூ படம் அனுப்பித் தொல்லை பண்ணியபோது வைத்த பெயர் அது. வைத்த கையோடு நீயே அவனுக்கு ஒரு லத்தி படத்தை அனுப்பிவிட்டாய். அதற்கப்புறம் பூவும் இல்லை, காயும் இல்லை. விழுப்புரத்து ஜவுளிக்கடையில் புடவை மடித்துப் போடுகிறவளுக்குத் திமிரைப் பார் என்று நான் சொன்னதற்கு, "அடங்குடி ஏட்டு" என்றாய். அன்று முழுக்க என்னை ஏட்டு என்றே கூப்பிட்டாய்.

நீ ஒலக்கூரில் ஏறி, எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாய். நான் திண்டிவனத்தில் ஏறுவேன். உட்கார்ந்ததும் மற்றவர்கள் நலம் விசாரிப்பார்கள். நீ மட்டும் "போன எடு, ஜல்தி" என்பாய். முந்தின நாள் ராத்திரி சீரியலில் என்ன நடந்தது என்பதை விடியற்காலையில் சமைத்துக்கொண்டே போனில் பேசிப் பதிந்து வந்திருப்பாய். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உலை வைக்கிற பெண்களுக்கு டி.வி. முன்னால் உட்கார ஏது நேரம்? அவர்கள் பார்க்காததை நீ பார்த்துச் சொன்னாய். நம் பெட்டியில் பாதிப் பேர் காதில் வயரை மாட்டிக்கொண்டு உன் கதையைக் கேட்டுக்கொண்டுதான் விழுப்புரம் போய் இறங்கினார்கள்.

வாட்ஸ்அப்பில் குரூப் போட்டால் வேலை சுலபம் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். நீ முறைத்த முறைப்பு இருக்கிறதே! "நெட்டு எதுக்குடி நெட்டு? பக்கத்துல வந்து குந்து, தானா போவும்" என்றாய். கதவோரம் நிற்கிறவளைக்கூட உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் அனுப்புவாய். ஃபைல் போய்ச் சேர்கிறவரை அவள் வீட்டுக் கதை முழுவதையும் கறந்துவிடுவாய். உனக்கு அதுதான் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

நீ சொன்ன கதைக்கும் டி.வி.யில் வந்த கதைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அங்கே மருமகள் அழுதுகொண்டு மூலையில் நிற்பாள். உன் கதையில் மாமியாரை நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை உண்மையான சீரியலைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி சண்டைக்கே வந்தாள். "அந்த டைரக்டருக்கு அறிவில்லன்னா நான் இன்னாம்மா பண்றது?" என்று நீ கேட்டதும் பெட்டியே சிரித்தது.

நடுவில் என் வேலை ஒன்று உண்டு. கோர்ட்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் என்பதால் வெட்டி ஒட்டுவது என் தலையில். குக்கர் விசில், மிக்ஸி சத்தம், நடுநடுவே நீ உன் மகள் கயலைப் போட்டுக் கத்துகிற கத்தல் எல்லாவற்றையும் மயிலம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். "எம்பிள்ளைய நான் திட்டறத ஊரே கேக்கணுமா? சுத்தமா வெட்டிடு" என்பது உன் உத்தரவு. வெட்டினதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, வெட்டாததை அழித்துவிடுவேன். உன் போனிலும் அன்றன்றைக்கே அழித்துவிடுவாய். இடமில்லை, இடமில்லை என்று எப்போது பார்த்தாலும் ஒரே பேஜாரு.

காய்ச்சல் என்று லீவு போட்டாய். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த வாரம் நீ இல்லை. இன்றைக்கும் திண்டிவனம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, வருகிற ரயிலில் நீ எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாய் என்றே நினைக்கிறேன். ஏறின பிறகுதான் புத்தி வருகிறது.

கருமாதிக்கு வந்தபோது என்னிடம் இருந்த கதைகளையெல்லாம் உன் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பினேன். கயல் ஒன்றைக் கேட்டாள், இரண்டைக் கேட்டாள். பிறகு வயரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

"இது ட்ரெயின் அம்மா, சித்தி. எங்கம்மா திட்டுவாங்க. திட்டற மாதிரி எதுனா இருக்குதா?"

அவள் கேட்டதைத்தானே தினம் ஒன்றாக வெட்டிப் போட்டோம்! தேடித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நம் பெட்டியில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து, போனைத் திறந்து காட்டச் சொன்னேன். பாதிப் பேர் அழித்துவிட்டார்கள். மற்றவர்களிடம் மிஞ்சியிருந்த நாலைந்தும் நான் வெட்டியவை. கடைசியில்தான் மயிலத்தில் 'மல்லாட்ட, மல்லாட்ட' என்று கூவிக்கொண்டு வேகவைத்த வேர்க்கடலைக் கூடையோடு ஏறும் செல்வியக்கா ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மருமகன் கொடுத்த பழைய போன், கண்ணாடியெல்லாம் விரிசல். "அழிக்கறதுக்கு எனக்கு இன்னா தெரியும்? வந்ததெல்லாம் அப்பிடியே கெடக்குது, பாத்துக்கோ" என்று என் மடியில் போட்டது.

தங்கச்சி பிரசவத்துக்கு நான் பாண்டிச்சேரி போயிருந்தேனே, அந்த நாட்களில் நீ வெட்டாமல் அப்படியே அனுப்பியிருக்கிறாய்! அதில் ஒன்றைத் தொட்டதும் முதலில் குக்கர்தான் கத்தியது. பின்னாலேயே நீ. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அனுப்பச் சொல்லித் தட்டினால் அந்தக் கிழட்டுப் போன் ஊர்ந்தது. அதற்குள் விக்கிரவாண்டி வந்துவிட்டது. செல்வியக்கா கூடையைத் தூக்கியது. "நான் டோல்கேட்டுக்குப் போவணும்மா, நாளைக்கு ஏத்திக்கலாம்." நாளைக்காம் நாளைக்கு! நீயும் நாளைக்கு வருகிறேன் என்றுதானே போனாய். நானும் கூடவே இறங்கிவிட்டேன். பிளாட்பார பெஞ்சில் இரண்டு போனையும் மடியில் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் கிளம்பிப் போனது. கடை முதலாளி கூப்பிட்டார், எடுக்கவில்லை. செல்வியக்கா முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தது. முழுவதும் வந்து சேர்ந்ததும் என்னைவிட அதுதான் சத்தமாக அழுதது.

ஞாயிற்றுக்கிழமை ஒலக்கூர் போனேன். கயலைப் பக்கத்தில் உட்கார வைத்து, உன் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிப் போட்டுக் காட்டினேன். மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அந்த இடத்தில் நீ கத்துகிறாய்.

"கயலு! ஏய் கயலு! மணி இன்னா ஆவுது, இன்னும் தூங்கிக்கினு கெடக்கற? கேப்பக் கூழு ஆறிப்போவுது பாரு. எந்திரிக்கிறியா, தண்ணி கொண்ணாந்து ஊத்தட்டுமா? ஆங்... எங்க உட்டேன்? பொட்டி."

கயல் கிளுக்கென்று சிரித்தாள். திரும்பவும் போடச் சொன்னாள். இரண்டாம் தடவை நீ கத்தும்போது, தன்னை அறியாமல் "தோ வர்றேம்மா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உன் வீட்டுக்காரர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

நேற்று அவர்தான் போன் பண்ணினார். "கயலு அத அலாரமா வச்சிக்கினாம்மா. தெனம் காலைல அவங்கம்மா கத்தறா. இது முன்னாடியே முழிச்சிக்கினு, கண்ண மூடிக்கினு படுத்துக் கெடக்குது. தண்ணி ஊத்தட்டுமான்னு கேட்டாத்தான் எந்திரிக்குது" என்றார்.

உன் பிள்ளைக்கு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த மட்டும் நிம்மதி. ஆனால் எனக்கு? ஒலக்கூரிலிருந்து வருகிற அந்த ரயிலில் நீ என்னைத் திட்டாத நாள் உண்டா? மெலிந்துபோனேன் என்று, மதியச் சோற்றை மிச்சம் வைத்தேன் என்று, வாயில்லாப் பூச்சியாக முதலாளிக்குப் பயப்படுகிறேன் என்று. பக்கத்தில்தானே இருக்கிறாய் என்று அதை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதெல்லாம் என் காதில் மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு நெருங்கி உட்கார்ந்தாலும் அதை யாருக்கும் அனுப்ப முடியாதுடி.