தட்டில் கலந்த கோதுமை

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாய், சளி என்றேன். சளியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, வெட்கம்.

அகழாய்வுக் குழியில் ஒரு பானை முழுசாகக் கிடைத்தது என்று சொன்னேனே, அதற்குள் இருந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வந்த கருகிய மணிகளை வடிகட்டித் தட்டில் உலர்த்தியது நான்தான். காற்றில் தட்டு கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்த இடம் எங்கள் டீ அடுப்படி, அன்று காலைதான் கோதுமை வறுக்கிறேன் பேர்வழி என்று கருகவிட்டு அங்கே ஓரமாகக் கொட்டியிருந்தேன். மூக்குக்கண்ணாடியும் போடவில்லை. பதறிப்போய் கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் அள்ளிப் பொட்டலம் கட்டி, யாரிடமும் மூச்சு விடாமல் கொடுத்துவிட்டேன். கரியை அளந்து வயது சொல்லும் ஆய்வுக்கூடத்திலிருந்து போன வாரம் பதில் வந்தது. பானையில் ஒட்டியிருந்த புகைக்கரிக்கு இரண்டாயிரத்து நானூறு வருஷம், உள்ளே இருந்த கோதுமை இந்தக் காலத்ததாம்! என் சமையல் லட்சணம் ஆய்வுக்கூடம் வரைக்கும் போய்விட்டது. அதிகாரி, குழியைப் பார்த்துக்கொள்ளும் நெட்டையம்மாவைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்கா தோண்டியிருந்தா மேல்மண்ணுல கிடக்குற கோதுமை எப்படிம்மா பானைக்குள்ள போகும், திங்கட்கிழமையிலருந்து வராதீங்க என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பானை ஓடு கழுவிக்கொண்டே இருந்தேன். நீங்களாச்சும் என்னை நம்புறீங்களாக்கா என்று அவள் கேட்டாள். தலையை ஆட்டினேனடி. ஒரு மணி சிந்தாதவள் என்று வாங்கிய பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பலிகொடுத்துவிட்டு, தலையையும் ஆட்டினேன்.

ஏழு வயதில் நீ ஜாடியை உடைத்துவிட்டு எதிர்வீட்டுப் பையன் மேல் பழி போட்டாய், ஞாபகம் இருக்கிறதா. அழ அழ இழுத்துப்போய் அவர்கள் வாசலில் நிறுத்தி, நீ வாயால் சொல்லும் வரை நான் விடவில்லை. நாளை திங்கள். போகிற வழியில் இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நேரே அதிகாரி அறைக்குப் போகிறேன். பெட்டிக்குள் விழுந்துவிட்டால் பின்வாங்க முடியாது, அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். வேலை போனால் போகட்டும்.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள். இது கைக்குக் கிடைத்ததும் கூப்பிடு. சுகமா என்று கேட்காதே, சொல்லிட்டியாம்மா என்று மட்டும் கேள்.

உன்னை வாசலில் நிறுத்திய
அம்மா