இரண்டு வண்டிகளில் ஒன்று

ஐப்பசி 9, ஞாயிறு

கொட்டகையில் இனி ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குத்தான் இடம். பி.எஸ்.ஏ.வா, டிரையம்ஃபா, எதை விற்பது என்று நாளைக் காலையில் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதற்காகவே இன்று நானும் அப்பாவும் இரண்டையும் வெள்ளிமலைக்கு ஓட்டிப் போனோம்.

ஏறும்போது எனக்கு அறுபதுகளின் டிரையம்ஃப். இரட்டை சிலிண்டர், வளைவுகள் தாமாகவே விலகி வழிவிட்டன. இதுதான் வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

மேலே வண்டி மாற்றினோம். போர்க்காலத்து பி.எஸ்.ஏ.வை உதைக்கும் முன் தீப்பொறியைத் தாமதமாக்க, கைப்பிடியில் உள்ள சின்ன லீவரைத் தள்ள வேண்டும். மறந்துவிட்டேன். கிக்கர் திரும்பி வந்து கணுக்காலில் அடித்தது.

"இன்னாம்மா, ஸ்கூட்டின்னு நெனச்சிக்கினியா? இந்தப் பெரியவர கேட்டுக்கினு ஒதை" என்று அப்பா சிரித்தார்.

இறங்கும்போது அந்த ஒற்றை சிலிண்டர் நிதானமாகத் துடித்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடைச் சத்தம் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

கணுக்கால் வீங்கியிருக்கிறது. டிரையம்ஃப் போகட்டும்.