ஆண்டு மலரில் நான்கு பக்கம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ சரி விடும்மா என்று சொல்லிவிடுவாய், எனக்கும் அப்பாடா என்று இருக்கும், மீதிப் பாதியைச் சொல்லாமலே ஃபோனை வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதம்.

அப்பாவுக்கு முட்டி வலி. பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர், மேலே இயந்திர அறைக்குப் படியேறிப் போய், சரிசெய்கிற வரை படியிலேயே ஏறி இறங்கியிருக்கிறார். ஊரையே தூக்கி விடுறவன் நான், என்னைத் தூக்கி விட ஆளில்லை பார் என்று சொல்லிச் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொள்கிறார். வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். உன்னைப் பார்த்து அவளும் கதை எழுதுகிறாள். தாளின் அடியில் முதலில் முற்றும் என்று எழுதிவிட்டு, மேலே வந்து ஆரம்பிக்கிறாள். ஏண்டி இப்படி என்றால், அக்கா முடிக்கத்தானே கஷ்டப்படுறா, நான் அதை முதல்லயே முடிச்சிட்டேன் என்கிறாள். இதையெல்லாம் எழுதி நாளைத் தள்ளுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கதையைக் கெடுத்தது நான்தான் சிட்டு. அந்தச் சிறுகதைப் போட்டியில் கடைசி ஆறு பேரில் உன் பெயர் வந்து, ஒன்பதாம் நாள் ஏற்கெனவே அச்சில் வந்த கதை என்று சொல்லி நீக்கினார்களே, அது எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் வந்தது. கொடுத்தது நான். உன்னைக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. லீவுக்கு வரும்போது கையில் கொடுத்து உன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு பிரதியை பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருந்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று கேட்பாய். நீ சொந்தமாகப் போட்ட புத்தகத்தில் ஒன்றை எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தேன் இல்லையா. ரிசப்ஷனில் இருக்கும் அக்கா அதைப் புரட்டிப் பார்த்து, காசு குடுத்தா இப்பல்லாம் யாரு வேணா புக்கு போடலாம் போல, எங்க வீட்டுப் பூனைக்கும் ஒண்ணு போடணும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், சிட்டு. நானும் சிரித்தேன். அன்று முழுவதும் தலை நிமிராமல் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் மருந்தகத்துக்காரர், அவர்தான் மலருக்கு ஆசிரியர், நாலு பக்கம் காலியா இருக்கும்மா, உங்க பொண்ணு எழுதுவாளாமே என்று கேட்டபோது, நீ எனக்குப் படிக்க அனுப்பியிருந்த, புத்தகத்தில் சேராத அந்தக் கதையின் பிரதியை மறுநாளே கொண்டுபோய் நீட்டிவிட்டேன். ஒருத்தர் கேட்டு வாங்கிப் போடுகிறார், அதை அந்த அக்கா பார்க்கட்டும் என்று இருந்தது. நீ போட்டிக்குக் கதை அனுப்பினது அதே வாரம்.

விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? யார் நடத்துகிறார்கள், கடைசித் தேதி, எத்தனை வார்த்தை, கட்டணம் உண்டா என்று கட்டம் போட்டு நீல நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கு ஃபோனில் வாசித்ததே நான்தானே. கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பின எல்லாருக்கும் பரிசு என்பவர்கள் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று சொன்னதும் நான். அந்தப் போட்டிக்கு நேராக, எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும் என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஆனால் மலருக்கு விலை கிடையாது, வேலை செய்கிறவர்களுக்குச் சும்மா கொடுப்பது, விலை இல்லாத புத்தகம் வெளியீட்டில் சேராது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பட்டப்படிப்பு படித்த புத்தி இது.

அப்படியும் அது வெளியே தெரிந்திருக்காது. ஆறு பேரில் நீ ஒருத்தி என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, நேராக மருந்தகத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் பாவம், சந்தோஷத்தில், எங்கள் மலரில் முதலில் வந்த கதையைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி என்று போட்டி நடத்துகிறவர்களுக்கே வாழ்த்துக் கடிதம் எழுதி, மலரில் ஒரு பிரதியும் சேர்த்து அனுப்பிவிட்டார். அவர்மேல் கோபப்படாதே. இன்னும் அவருக்கு விஷயம் தெரியாது. பொண்ணு ஜெயிச்சாளா என்று தினமும் கேட்கிறார்.

ஜெயித்தால் கிடைத்திருக்கும் பத்து நாள் பயிலரங்கு, உன் கதையை வரிவரியாகப் பார்த்துச் சொல்ல ஆள், தங்க இடம் எல்லாம் போயிற்று. நான் அவர்களுக்கு எழுதினேன், தப்பு என்னுடையது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. மரியாதையாகத்தான் பதில் வந்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானாம், அடுத்த வருஷம் நீ வேறு கதை அனுப்பத் தடை இல்லையாம்.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது அதனால் அல்ல. அன்று நீ அழுதுகொண்டே பேசினாயே, உன்னையும் என் ரூம்ல இருக்கிறவளையும் தவிர யாருமே படிக்கலம்மா, அப்ப அவதானே எங்கயோ போட்டிருக்கணும் என்று. அந்த அறைத்தோழியோடு பேசுவதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாய். என்மேல் உனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஐயோ பாவம் என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்த பெண் அவள். மூன்று வாரமாக ஒரே அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இதைப் படித்ததும் முதலில் எழுந்து அவளிடம் போ. இந்தக் கடிதத்தையே கொடு, படிக்கட்டும். என்னை என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

நோட்டில் இன்னும் ஒன்று இருக்கிறது. சொந்தமாக வெளியிட்ட புத்தகங்களுக்கு மட்டும் நடத்துகிற போட்டி. ஏற்கெனவே அச்சில் வந்திருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். மூன்று பிரதி கேட்கிறார்கள், உன் புத்தகம் கட்டிலடியில் அறுபத்தொன்று இருக்கிறது. பரிசு வாங்காதவர்களுக்கும் படித்தவர் கருத்தை எழுதி அனுப்புவார்களாம், அது உனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். விதித்தாளை உள்ளே வைத்திருக்கிறேன். நான் எதிலும் கோடு போடவில்லை, நீயே படித்துக்கொள். நீ சொல்லாமல் ஒரு பிரதியைக்கூட வெளியே எடுக்க மாட்டேன்.

இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. வாண்டு உன்னை விசாரிக்கச் சொன்னாள், அப்பா ஆசி சொல்லச் சொன்னார். உன் கையும் மனசும் சோராமல் இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் எழுத வேண்டும். போன ஞாயிறு நீ ஒரு புதுக் கதை அனுப்பியிருந்தாய், முதலில் அம்மாதான் படிக்கணும் என்று. அது தெரியாமல் அனுப்பினது. இப்போது தெரியும் இல்லையா. இதைப் படித்த பிறகும் நீ படி என்று சொன்னால்தான் திறப்பேன். தலைப்பு மட்டும் கண்ணில் பட்டுவிட்டது, அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

உன் அம்மா