சொல்லேலாது என்றீர்கள்

அக்கா,

உங்கள் கட்டுரைகளெல்லாம் ஒரே புத்தகமாக வந்திருக்கின்றன. பசை மணம் இன்னும் போகவில்லை. பெரிய பொருளியலாளர், வெளிநாட்டுப் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர் என்று பின் அட்டையில் போட்டிருக்கிறார்கள். நான் எங்கள் கிராமத்தைப் பற்றிய கட்டுரையை எடுத்து, அதில் என்னைத் தேடினேன். இருக்கமாட்டேன் என்று தெரிந்தும் தேடினேன்.

அந்த ஆய்வுக்காகத் தென்மராட்சியில் வீடு வீடாக வந்தீர்கள். உங்களுக்கு முன் வந்தவர்கள் வருமானத்தைத்தான் கேட்டார்கள். நீங்களோ, "வருத்தமெண்டால் ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறனீங்கள்?" என்று கேட்டீர்கள். தேங்காய் திருவிக்கொண்டிருந்த நான் அழுதுவிட்டேன். அப்போது எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. மாரி மழையில் ஓட்டோ பிடித்துச் சாவகச்சேரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளை பிறந்ததையும், அது அழாமலே போனதையும் முதன்முதலாக உங்களிடம்தான் சொன்னேன். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

"இதை எழுதிப் போடாதையுங்கோ, அக்கா."

"எழுதமாட்டன். உது உம்மடை துக்கம். என்ரை ஆராய்ச்சியில்லை."

பிறகு அதிகாரிகளுடன் கூட்டம் நடந்தது. ஆஸ்பத்திரி இருந்தாலும், போய்ச்சேர முடியாதவளுக்கு அது இல்லாதது மாதிரித்தான் என்று சொல்லி, ஊருக்கு பஸ் கேட்டீர்கள். ஓர் அதிகாரி சிரித்தார்.

"பஸ் இல்லாமல் ஆருக்கு என்ன நடந்தது? ஒராளைச் சொல்லுங்கோ பாப்பம்."

நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் மற்றவர்கள் கண்டுகொள்வார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

"சொல்லேலாது" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். பஸ் கதை அத்தோடு போயிற்று. ஆதாரமில்லாமல் கதைக்கிறவ என்ற பெயர் உங்களுக்கு மிஞ்சியது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அடுத்த மாரிக்குள் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன வருடம் மறுபடியும் ஒரு கூட்டம். அதே கேள்வியை வேறொருவர் கேட்டார். நான் எழும்பினேன். "எனக்கு நடந்தது" என்றேன். பிள்ளைக்கு வைக்க இருந்த பெயரையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போது காலையிலும் மத்தியானமும் பஸ் வருகிறது. நேற்று பஸ்ஸில் நிறைமாதக்காரி ஒருத்தி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நீங்கள் கதைச்சபடியாத்தானாம் பஸ் வந்தது, அன்ரி."

"பிந்திக் கதைச்சிட்டன், பிள்ளை."

அவளுக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவளுடைய பையை வாங்கி, கிளினிக் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு போனேன்.