எட்டு மணிக்கு வந்த கரண்ட்

இன்று காலை கேட்டுக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. சுபாங் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு வியாழக்கிழமை பத்து முதல் ஒரு மணி வரை மின்சாரம் இருக்காதாம். மகள் சலித்துக்கொண்டே டார்ச் லைட்டுக்கு பேட்டரி தேடினாள். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. செத்து ஐந்து வருடமான நண்பன் மேல் இப்படிக் கோபம் வருமா? உன் மேல் வருகிறது.

கிள்ளானில் நம் கோயில் ரதம் புறப்படும் நாளை நினைத்துப் பார். தெருவுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மின்கம்பி. ரதத்தின் கலசம் அதைவிட உயரம். ஆண்டுதோறும் நீ மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பாய், ரதம் அடியில் போகும், சனம் கை தட்டும். கோயில் செயலாளரான நான் மட்டும் கை தட்டமாட்டேன். காய்ந்த கழியையாவது எடுத்துக்கொள் என்றால், "சாமி காரியத்துக்குப் பழைய கழியா? என்ன லா நீ!" என்பாய். அன்று காலையில்தான் ஊருக்கு வெளியே மேரு பக்கம் போய்ப் பச்சை மூங்கில் வெட்டி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஈரம் சொட்டக் கொண்டுவருவாய். அதில் கரண்ட் பாயும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அந்த வருடம் நான் பிடிவாதம் பிடித்தேன். மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, ஊர்வல நேரத்தில், ஆறு முதல் எட்டு வரை, சப்ளையை நிறுத்தச் சம்மதம் வாங்கினேன். ஆறு மணிக்குள் சோறு ஆக்கிவிடுங்கள், மெழுகுவத்தியைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அயர்ன் பிளக்கைக் கழற்றி வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளச் சொன்னேன். நீ பின்னாலேயே வந்து, "பயப்படாதீங்க அக்கா, இவன் இப்படித்தான்" என்று சிரித்தாய்.

ஆறு மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது. ரதம்தான் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்கள் வழியில் ஜாமில் மாட்டிக்கொண்டார்கள். மேளம் இல்லாமல் சாமி வெளியே வராது என்று நீ நின்றுவிட்டாய். ஏழரைக்குக் கிளம்பி, இரண்டு கம்பிகளைத் தாண்டி, மூன்றாவதற்கு இருபது அடி இருக்கும்போது வீடுகளில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. மணி எட்டு.

"ரதத்த நிறுத்துங்க! நான் போன் பண்ணிட்டு வரேன்!" என்று கத்தினேன்.

"நடுவழியில சாமிய நிறுத்துறதா? ரெண்டு நிமிஷ வேல. நீ ஓரமா நில்லு லா."

வெறுங்கால், ஈர மூங்கில். உன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் போனாய். ஒரு நீலப்பொறி, அவ்வளவுதான், நீ ரோட்டில் கிடந்தாய். கழி கையை விட்டுத் தெறித்ததால் உயிர் தப்பியது. கம்பி அறுந்து விழவில்லை என்று பார்க்கும்வரை ஒருவரையும் உன்னைத் தொட விடவில்லை, நானும் தொடவில்லை. அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

வலது கையில் இரண்டு விரல் போனது. லோரி ஓட்டிய நீ, தொழிற்சாலை வாசலில் காவலுக்கு, ஜாகாவாக உட்கார்ந்தாய். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ரெண்டு விரல சாமி வாங்கிக்கிச்சு" என்று பெருமை வேறு! உன் தலையில் நாலு போடலாம் போல எனக்குக் கை துறுதுறுக்கும்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நேரம் போடும்போது, "மேளக்காரங்க எப்பவும் லேட்டு, ஒம்பது மணி வரைக்கும்னு கேளு" என்றாய். எட்டரைக்கு டிவியில் தமிழ்ப்படம் இருக்கிறதே என்று தெருவே முணுமுணுத்தது. அவர்களுக்குப் பயந்து, எட்டு என்று எழுதிக் கொடுத்தவன் நான். உனக்கு அது தெரியும். கோயில் தலைவரிடமும், உன் மனைவியிடமும்கூட, "நான்தான் லேட்டாக்கிட்டேன்" என்றே சொன்னாய். சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்டா? திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அன்றோடு முடித்திருப்பேன். எட்டு என்று எழுதிய என் கையில் ஐந்து விரலும் அப்படியே இருக்கின்றன.