நான் காணாத கனவு

கரம்பொன்,
மார்கழி 9.

அன்புள்ள அன்ரனிட்டா அக்காவுக்கு,

அந்தக் குளிருக்குள் உங்களையும் பிள்ளைகளையும் ஆண்டவர் சுகமாக வைத்திருக்க மன்றாடுகிறேன். இங்கே மழை விடவில்லை. உங்கள் தம்பி ஜெனிஸ்ரனின் முப்பத்தோராம் நாள் பூசை குறையில்லாமல் முடிந்தது.

போன கிழமை போனில், “கனவு கண்டனீர்தானே கத்தரீனா. உம்மட மனிசனை மறிச்சனீர், என்ர தம்பிக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்று கேட்டீர்கள். இவர் பக்கத்தில் இருந்ததால் போனை வைத்துவிட்டேன்.

அக்கா, நான் ஒரு கனவும் காணவில்லை.

சீனி வருத்தத்தால் இவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக்குக்கு மூன்று தரம் திகதி தந்தும் போகவில்லை. நாலாம் தரமும், “மீன் படுற நேரம், ஏலாது” என்றார். கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “வள்ளம் பிரண்டு கிடக்கக் கனவு கண்டனான். உங்களைத் தூக்கிக்கொண்டு வருகினம்” என்றேன். கனவென்றால் இவருக்குப் பயம். உடனே சேர்ட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். பஸ்ஸில் இருந்தே ஜெனிஸ்ரனுக்குப் போன் எடுத்து, தனக்குப் பதிலாக மத்தியானம் தன்னோடு தொழிலுக்கு வருகிற ஜெகதீஸோடு வலை எடுக்கப் போகச் சொன்னார். “ஓம் அண்ணை, நான் பாக்கிறன்” என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

கிளினிக்கில் சனம் அதிகம். வேறு திகதி போட்டுத் தந்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது காற்று மாறி, வள்ளம் பிரண்டுவிட்டிருந்தது. ஜெகதீஸை வேறு வள்ளக்காரர் உயிரோடு தூக்கினார்கள். உங்கள் தம்பி மூன்றாம் நாள்தான் மண்கும்பானில் கரையொதுங்கினான்.

இப்போது பெண்கள் தாங்கள் கண்ட கனவுகளை என்னிடம் வந்து சொல்லி, மனிசனைக் கடலுக்கு விடலாமா என்று கேட்கிறார்கள். இவர் கடற்கரைப் பக்கமே போவதில்லை. என் கனவுதான் தன்னைக் காப்பாற்றியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டு அழுவார். காணாத கனவு எப்படிப் பலித்தது என்று நான் யாரிடம் கேட்க?

உங்கள் தம்பி மனைவி ஜெயந்தா ஞாயிறு பூசை முடிந்ததும் என் குசினிக்குள் வந்து அடுப்படியில் இருப்பாள். “அவர் எனக்குக் கனவிலை வாறாரில்லை அக்கா. உங்களிட்டை வந்தால், தண்ணிக்குள்ளை கனநேரம் கஷ்டப்பட்டவரோ எண்டு கேளுங்கோ” என்றாள். முதல் ஞாயிறு நானும் சேர்ந்து அழுதேன். அடுத்த ஞாயிறு அவளுடைய முகத்தைப் பார்க்க ஏலாமல், கனவில் வந்தான், கஷ்டப்படவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். போன ஞாயிறு, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கச் சொன்னவர் என்று கேட்டாள். இன்னும் சொல்லவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அக்கா, நீங்கள் அவனோடு கூடப்பிறந்தவர். ஒரு பெயர் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவளிடம் உண்மையைச் சொல் என்று சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் செய்வேன். என்னை எவ்வளவும் ஏசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்காகத் தினமும் செபமாலை சொல்லுகிற,
கத்தரீனா குருசுமுத்து